இலையுதிர் காலமும் இளம் பிள்ளைகளும்

புரட்டாசி பிறந்தால் ஊரில் வெயில் தணியும். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். கோடையில் வாடிக் கிடந்த செடி கொடிகளெல்லாம் அந்த மழையில் தளிர்த்துப் பசுமையாகும். இங்கிலாந்திலோ அதே மாதங்களில் மரங்கள் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு வெறும் கொம்புகளாக நிற்கத் தொடங்குகின்றன. பகல் நாளுக்கு நாள் சுருங்குகிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரந்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் பதினாறரை மணி நேரம் நீடிக்கும் பகல், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது.

நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி, கார்த்திகை தீபம் ஆகிய நம் பண்டிகைகள் எல்லாம் வரிசையாக இந்த இலையுதிர் காலத்தில்தான் வருகின்றன. "இங்கே பண்டிகை பண்டிகையாகவே இல்லை" என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. தெருவில் வெடிச் சத்தம் இல்லை, கடைத்தெருவில் ஜவுளிக் கூட்டம் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வருவதில்லை. அவர்களுடைய ஏக்கம் நியாயமானதே. ஆனால் இந்நாட்டிலேயே பிறந்த குழந்தைக்கு அந்த ஏக்கம் கிடையாது. பார்த்திராத ஒன்றை நினைத்து அது எப்படி ஏங்கும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த மண், இந்தக் குளிர், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே கவியும் இந்த இருட்டு. இவற்றோடு பண்டிகை ஒட்டிக்கொண்டால்தான் அது குழந்தையின் பண்டிகை ஆகும். அப்படி ஒட்டவைப்பது எவ்வாறு என்பதற்கு லீட்ஸ் நகரில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலம் நல்ல உதாரணம்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். மூத்தவள் ஏழு வயதுப் பெண். இளையவன் நான்கு வயதுப் பையன், அந்த செப்டம்பரில்தான் முதன்முதலாகப் பள்ளியில் சேர்ந்தவன். அதே செப்டம்பரில் மனைவியின் தாயார் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தார். எழுபத்து நான்கு வயது. கணவரை இழந்தபின் அவர் தனியாக மேற்கொண்ட முதல் விமானப் பயணம் அது. ஆறு மாத விசாதான். முழங்கால் வலியும் சர்க்கரையும் இருப்பதால் இதுவே கடைசிப் பயணமாக இருக்கலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேத்திக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பேரனுக்குப் புரிவதே பாதிதான். பாட்டிக்கோ ஆங்கிலம் தெரியாது. மூன்று மாதம் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு, ஒருவரையொருவர் அறியாமலே பிரிய நேருமோ என்று அந்தத் தாய் உள்ளூரக் கவலைப்பட்டாள்.

முதல் இரண்டு வாரங்கள் அப்படித்தான் கழிந்தன. பாட்டி கதை சொல்ல ஆரம்பிப்பார். குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் நழுவிவிடுவார்கள். உண்மையில் அவர்களைச் சேர்த்து வைத்தது கதையல்ல, ஒரு மரம்.

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்கள் நிற்கின்றன. செப்டம்பர் கடைசியில் முள் உறை வெடித்து, பளபளவென்று கருஞ்சிவப்பான கொட்டைகள் நடைபாதையில் உதிரும். இந்நாட்டுப் பிள்ளைகள் அதைக் காங்கர் என்பார்கள். துளையிட்டு நூலில் கோத்து, ஒருவன் பிடித்திருக்க மற்றவன் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பான். உடையாத கொட்டைக்கு வெற்றி. இதற்கு 1965 முதல் நார்த்தாம்ப்டன்ஷயரில் உலகப் போட்டியே நடந்து வருகிறது. ஊரில் பம்பரத்துக்குள்ள மதிப்பு இங்கே இதற்கு. வேடிக்கை என்னவென்றால், பரம ஆங்கிலேய மரமாகத் தோற்றமளிக்கும் இது இந்நாட்டு மரமே அல்ல. பால்கன் மலைப்பகுதியிலிருந்து சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கொண்டுவந்து நடப்பட்டது. குடியேறிய மரம் என்று இன்று யாரும் அதைச் சொல்வதில்லை. அதன் கொட்டையைப் பொறுக்காத பிள்ளை பிள்ளையே இல்லை என்கிற அளவுக்கு ஊரோடு ஒன்றிவிட்டது.

பையன் சட்டைப்பை நிறைய அவற்றைக் கொண்டுவந்து கொட்டினான். பாட்டி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, புளியங்கொட்டைக்கு அண்ணன் மாதிரி இருக்கே, வறுத்துத் தின்னலாமா?"

"வேண்டாம்மா, அது விஷம்" என்றாள் மகள்.

அவள் சொன்னது சரியே. உண்ணத்தக்க ஸ்வீட் செஸ்ட்நட் வேறு, இது வேறு. ஸ்வீட் செஸ்ட்நட்டின் உறையில் மெல்லிய முட்கள் முள்ளம்பன்றியைப் போல் நெருக்கமாக இருக்கும். கொட்டையின் நுனி கூராக இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட்டின் உறையில் முட்கள் தடித்தும் இடைவெளி விட்டும் இருக்கும். கொட்டை உருண்டையாக நுனியின்றி இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெளியே அழைத்துப்போகும் குழந்தைகளுக்கு இந்த ஒரு விதியை மட்டும் கற்பித்தால் போதும்: பொறுக்குவது கைக்கு, வாய்க்கு அல்ல. சிவந்த பழங்களுக்கும் காளான்களுக்கும் இதே விதிதான். வேலியோரத்தில் பழுக்கும் கருநிற பிளாக்பெரியைப் பெரியவர் பார்த்துக் கொடுத்தபின் கழுவித் தின்னலாம். செப்டம்பர் 29ஆம் தேதி மைக்கேல்மஸ் நாளுக்குப் பிறகு அதைப் பறிக்கக்கூடாது, சாத்தான் எச்சில் துப்பிவிடுவான் என்பது இந்நாட்டுப் பழைய நம்பிக்கை. "நம்ம ஊர் மாதிரிதான் இங்கேயும் பாட்டிகள் இருந்திருக்கா" என்று பாட்டி சிரித்தார்.

தின்னக்கூடாது என்றதும் பாட்டிக்கு வேறொரு யோசனை வந்தது. சமையலறையில் கப்கேக் சுடும் தட்டு ஒன்று இருந்தது, பன்னிரண்டு குழி. பக்கத்துக்கு ஒரு கிண்ணம் வைத்தார். குழி பதினான்கு ஆயிற்று. குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டைகள். பல்லாங்குழி தயார். அன்று மாலை பள்ளிக்கூட உடையைக்கூட மாற்றாமல் பேத்தி பாட்டிக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பாட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண, குழந்தைகளும் எண்ணினார்கள். வாரக் கடைசியில் பையன் இருபது வரை தமிழில் எண்ணினான். யாரும் அவனுக்குத் தமிழ்ப் பாடம் நடத்தவில்லை.

பாட்டிக்கு ஒரு பயம் மட்டும் நீங்கவேயில்லை. பனிக்காற்று காதில் நுழைந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று, பூங்காவுக்குக் கிளம்பும் குழந்தைகளின் காதைச் சுற்றி மப்ளரை இறுகக் கட்டிவிடுவார். கதகதப்பாக உடுத்துவது நல்லதே. ஆனால் ஜலதோஷத்தைக் கொடுப்பது காற்றல்ல, வைரஸ் கிருமி. பள்ளி திறந்து முப்பது பிள்ளைகள் ஓர் அறையில் நெருங்கி உட்காரும்போது அது தாராளமாகப் பரவுகிறது. சிறு குழந்தைக்கு ஆண்டில் ஆறேழு முறை சளி பிடிப்பது சகஜம். அதற்கு அஞ்சி வீட்டில் அடைத்து வைப்பதால் பயனில்லை. வெளியே ஓடியாடி வரும் குழந்தைக்குப் பசி எடுக்கும், உறக்கம் நன்றாக வரும்.

ஆனால் இந்நாட்டு இலையுதிர் கால வெயிலை நம்பக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. அது வைட்டமின் டி. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை இங்குள்ள சூரிய ஒளியால் தோலில் அது உண்டாவதில்லை. 1960களிலும் 70களிலும் கிளாஸ்கோ போன்ற நகரங்களில் ஆசியக் குழந்தைகளிடம் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் காணப்பட்டு, 1981இல் அரசாங்கமே அதைத் தடுக்க ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும் என்பது இன்றைய அறிவுரை. நம்மைப் போன்ற கருநிறத் தோலுடைய பெரியவர்களும் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது நல்லது. பருப்பும் காயும் சாப்பிட்டால் போதும் என்பது இந்த விஷயத்தில் பொருந்தாது.

அக்டோபர் 3ஆம் தேதி நவராத்திரி ஆரம்பம். புத்தக அலமாரிப் பலகைகளை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து மூன்று படி கட்டினார்கள். பாட்டி தம் பெட்டியில் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்த மரப்பாச்சி ஜோடி மேலே அமர்ந்தது. மொத்தமே பதினோரு பொம்மைகள்தாம் தேறின. சென்ற ஆண்டுகளில் தாயே கொலுவை வைத்து முடித்துவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "தொடாதே" என்பதுதான் அவர்கள் அதிகம் கேட்ட சொல். இம்முறை பாட்டி கீழ்ப்படியையும் அதன் முன்னுள்ள தரையையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்.

ஊரில் கொலுவுக்கு முன்னால் பூங்கா அமைக்கக் கேழ்வரகும் கடுகும் முளைக்க வைப்பார்கள். இந்நாட்டுப் பள்ளிகளில் ஈரப் பஞ்சில் கிரெஸ் விதை முளைக்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. "எனக்குத் தெரியும்!" என்று பெண் தானே பஞ்சை நனைத்து, கிரெஸ் ஒரு தட்டிலும் கடுகு ஒரு தட்டிலும் விதைத்தாள். நான்கைந்து நாளில் இரண்டும் பச்சைப்பசேலென்று எழும்பின. நடுவில் கண்ணாடித் துண்டு ஒரு குளம். கரையில் ஓக் மரத்துக் கொட்டைகள். சுற்றிலும் மேப்பிள் இலைகள், சிவப்பும் மஞ்சளுமாய். இலை ஏன் நிறம் மாறுகிறது என்று பையன் கேட்டபோது தகப்பனார் விளக்கினார். குளிர் காலத்துக்குத் தேவையில்லாத பச்சையத்தை மரம் கலைத்து அதன் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் முன்பே இலையில் இருந்ததுதான். பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது. "அப்போ மஞ்சள் ஒளிஞ்சிண்டு இருந்ததா?" என்று வியந்தவர் பாட்டிதான்.

பையன் தன் பிளாஸ்டிக் டைனோசரையும் கீழ்ப்படியில் கொண்டு வந்து வைத்தான். தாய் எடுக்கப் போனாள். பாட்டி தடுத்துவிட்டார். ஓரறிவு உயிர் முதல் தேவர் வரை படிப்படியாக உயர்வதைக் காட்டுவதே கொலு என்பது பெரியோர் கூறும் விளக்கம். "மிருகம் கீழ்ப்படியிலே இருக்கட்டும், அதுக்கு அங்கே இடம் உண்டு" என்றார்.

சுண்டல் தினம் ஒரு வகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றைக் கொடுக்கக்கூடாது. மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. கடினமான பெரிய கடலையையும் நன்றாகக் குழைய வேகவைத்து மசித்தே கொடுக்க வேண்டும். கொலுவுக்கு வரும் பிற வீட்டுக் குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று தாயாரிடம் கேட்டுவிட்டுச் சுண்டல் கொடுப்பது இக்காலத்தில் விருந்தோம்பலின் ஒரு பகுதி.

அதே நாட்களில் பள்ளியில் அறுவடை விழா வந்தது. 1843இல் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் ஹாக்கர் தொடங்கிவைத்த வழக்கம் இது. முன்பு ஆலயத்துக்குக் காய், கனி, ரொட்டி கொண்டு செல்வார்கள். இப்போது பிள்ளைகள் டின்னில் அடைத்த உணவைக் கொண்டுசெல்ல, அது இல்லாதவர்களுக்குப் போய்ச் சேருகிறது. என்ன அனுப்புவது என்று பேச்சு வந்ததும், "கொண்டைக்கடலை டின் இருக்கே, நவராத்திரியிலே தானம் பண்ணினா நல்லதுதானே" என்றார் பாட்டி. கொலுவுக்கு ஒரு கடலை, பள்ளிக்கு ஒரு கடலை. இரண்டும் ஒரே பண்டிகை என்றே குழந்தைகள் எண்ணிக்கொண்டார்கள். அதில் பிழையொன்றுமில்லை.

அக்டோபர் 11 வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி வைத்தால் மறுநாள் பூஜை முடியும்வரை படிக்கக்கூடாது என்று கேட்டதும், பெண் தன் பள்ளி வாசிப்புப் புத்தகத்தையும் கணக்குத் தாளையும் ஓடோடிக் கொண்டுவந்து முதலில் வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை விஜயதசமி. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஏடு தொடக்கல் என்று கொண்டாடும் நாள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பையனின் சுட்டுவிரலைப் பிடித்துப் பாட்டி "அ" எழுத வைத்தார். பள்ளியில் ஒரு மாதமாக ஆங்கில எழுத்தின் ஒலிகளைக் கற்றுவந்த அவன், "இது என்ன சத்தம்?" என்று கேட்டான். "அம்மாவோட முதல் சத்தம்" என்றார் பாட்டி. அவன் தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு முறை எழுதினான்.

அக்டோபர் 27 ஞாயிறு அதிகாலை கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்பட்டன. ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று நடப்பது இது. சனிக்கிழமை ஆறு மணி சுமாருக்கு மறைந்த சூரியன் ஞாயிறன்று ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் முதியவர்களின் மனம் அதிகம் சோர்வது இந்த வாரத்தில்தான். பாட்டியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நாலரை மணிக்கே விளக்கேத்தணுமா" என்று பெருமூச்சு விட்டார்.

அந்த வாரத்திலேதான் சிக்கலும் வந்தது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஹாலோவீனும் அன்றுதான்.

ஹாலோவீன் இன்று அமெரிக்கப் பண்டிகைபோல் தோன்றினாலும் அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. குளிர் காலம் தொடங்கும் இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பி, டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்கா சென்றபோது அங்கே எளிதாகக் கிடைத்த, குடைவதற்கும் சுலபமான பரங்கிக்காய் டர்னிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு வாசலில் பல்லை இளித்துக்கொண்டு நின்ற பரங்கிக்காயைப் பார்த்துப் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "புது வீடு கட்டறாளா? திருஷ்டிப் பூசணிக்காய் வெச்சிருக்காளே!" என்பதுதான். பேய் முகம் எழுதிய பூசணிக்காயைத் தொங்கவிடும் ஊர்க்காரருக்கு இதில் புதுமை என்ன இருக்கிறது? பரங்கிக்காய் என்ற பெயரே அது கடல் கடந்து வந்த கதையைச் சொல்கிறது. குழந்தைகள் ஒரு காயைக் குடைந்தார்கள். வெளியே எடுத்த சதையைப் பாட்டி கூட்டாக்கினார். செதுக்குவதற்கென்று விற்கும் காயில் நீர் அதிகம், ருசி குறைவு. தேங்காயும் மிளகும் சற்றுத் தாராளமாக வேண்டும்.

ஆனால் பெண்ணின் தோழிகள் நால்வர் அன்று மாலை சூனியக்காரி வேஷத்தில் வீடு வீடாகப் போவதாகத் திட்டம். இவளுக்கும் கறுப்புத் தொப்பி வேண்டும். பாட்டியோ கும்பகோணத்தில் தைத்து எடுத்து வந்த பட்டுப் பாவாடையை வைத்திருந்தார். "தீபாவளியன்னிக்குக் கறுப்பா?" என்றார். பெண் அழுதாள். "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் ஏன் போகக்கூடாது?" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பல வீடுகளில் இந்தக் கதவு இப்படித்தான் முதல் தடவை சாத்தப்படுகிறது. தகப்பனார் "போகட்டும்" என்றார். தாய் "ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் பிறகு எல்லா நாளும்" என்றாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பாட்டிதான் கதவைத் தட்டினார். "காலையிலே என் தீபாவளி. சாயங்காலம் உன் ஹாலோவீன். சரியா?" என்றார். உள்ளேயிருந்து வெகு நேரம் கழித்து "சரி" என்று தமிழில் பதில் வந்தது.

அரைப்பரீட்சை விடுமுறை போல இங்கே அரைப்பருவ விடுமுறை வாரம், பள்ளி இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வெளியே கும்மிருட்டு. வீட்டில் விளக்கெல்லாம் ஏற்றி, மனையில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தலையில் வைத்துப் பாட்டி ஆசீர்வதித்தார். எண்ணெய் தேய்த்த குழந்தை குளியல் தொட்டியில் மீனைப்போல் வழுக்கும். தொட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு வெந்நீரையும் விட்டு, பெரியவர் முழங்கையால் பதம் பார்த்தபின்பே குழந்தையை இறக்க வேண்டும். பிறகு புத்தாடை, ஓரத்தில் மஞ்சள். சுண்டைக்காயளவு லேகியம், பையன் முகத்தைச் சுளித்தான், பெண் இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஏழு மணிக்குச் சூரியன் எழும்பியபோது இவர்கள் பண்டிகையைப் பாதி கொண்டாடி முடித்திருந்தார்கள். ஊரில் சொல்லிக் கேட்டிருந்த "இருட்டிலே எழுந்து வெளிச்சத்தை வரவேற்பது" என்பது இங்கேதான் உண்மையிலேயே விளங்கிற்று என்று தாய் சொன்னாள்.

மாலை வந்தது. கறுப்புத் தொப்பி மேஜைமேல் இருந்தது. பெண் அதை எடுத்தாள்; திரும்ப வைத்தாள். பாவாடையை மாற்றாமல் மேலே கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தோழிகளுடன் கிளம்பினாள். தகப்பனார் துணைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வாளி நிறைய மிட்டாயோடு வந்தவள் நேரே பாட்டியிடம் போனாள்.

"பாட்டி, நான் என்ன வேஷம்னு ஒரு வீட்ல கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வேஷம் இல்லே, இது என் டிரெஸ்னு சொன்னேன். இன்னிக்கு தீபாவளின்னு சொன்னேன்."

பாட்டி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய குளிர்ந்த கைகளைத் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவும் தமிழில் சொல்லியிருக்கிறாள் என்பதைப் பெற்றோர் சற்று நேரம் கழித்தே கவனித்தார்கள்.

மிட்டாய் விஷயத்தில் சைவக் குடும்பங்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மென்மையாக இழுபடும் பல மிட்டாய்களில் மிருகங்களின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் கலந்திருக்கும். உறையைப் படித்துப் பார்ப்பது நலம். இதே பருவத்தில் பள்ளியில் மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்திலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. அதை விரும்பாதவர்கள் தடுப்பு மருந்தையே விட்டுவிடத் தேவையில்லை. அது இல்லாத ஊசியைக் கேட்டுப் பெறலாம்.

நவம்பர் 5 இந்நாட்டவரின் வெடித் திருநாள். 1605இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாகச் சொக்கப்பனைபோல் தீ வளர்த்து, வாணம் விடுகிறார்கள். தீபாவளிக்கு வாங்கிய மத்தாப்பின் மிச்சத்தையும் அன்று கொளுத்திக்கொள்ள வசதியாக இருக்கிறது. இங்கிலாந்தில் சாதாரண நாட்களில் இரவு 11 மணிக்குமேல் வெடிக்கக்கூடாது. நவம்பர் 5ஆம் தேதி நள்ளிரவு வரை அனுமதி. தீபாவளியன்று பின்னிரவு 1 மணி வரை அனுமதி. 2004ஆம் ஆண்டு விதிகளில் நம் பண்டிகையின் பெயர் இவ்வாறு இடம்பெற்றிருப்பது பலருக்குத் தெரியாது.

கம்பி மத்தாப்பு சாதுவாகத் தோன்றும். ஆனால் அதன் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும். ஐந்து வயதுக்குட்பட்டவர் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. மற்றவர்கள் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். எரிந்து முடிந்த கம்பியை உடனே வாளித் தண்ணீரில் போட வேண்டும். சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மாவு எதுவும் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை. அந்த வீட்டில் பையனுக்குக் கிடைத்த வேலை வாளியைக் காவல் காப்பது. "கம்பி இங்கே போடு!" என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டு, மத்தாப்புப் பிடித்தவர்களைவிட அவனே அதிகச் சந்தோஷமாக இருந்தான்.

டிசம்பர் 13ஆம் தேதி திருக்கார்த்திகை. நான்கு மணிக்கெல்லாம் இருட்டு. வெளியே காற்று வீசியதால் ஜன்னல் மேடைகளில் அகல் ஏற்றினார்கள். எத்தனை என்று பையன் தமிழிலேயே எண்ணினான், இருபத்தேழு. மார்கழி பிறக்குமுன் ஊர் சேர வேண்டும் என்று மறுநாளே பாட்டி புறப்பட்டார். மரப்பாச்சியைப் பெட்டியில் வைக்கவில்லை. "அடுத்த வருஷமும் படி கட்டணுமே" என்று பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

2025இல் பாட்டியால் வர இயலவில்லை. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை, பள்ளி நாள். பெற்றோர் களைப்பில் ஆறு மணிக்கு எழுந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு எட்டு வயதுப் பெண் தம்பியையும் எழுப்பிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்துடன் அவர்கள் கட்டிலருகே வந்து நின்றாள். "அம்மா, பாட்டி ஊர்ல இப்போ ஒன்பதரை மணி. அவங்க குளிச்சு முடிச்சிருப்பாங்க. நாமதான் லேட்" என்றாள்.

பண்டிகையின் பொருளைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியமே; ஆனால் அது முதல் வேலை அல்ல. முதலில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். விதை தூவவோ, கொட்டை எண்ணவோ, அகலில் திரி போடவோ, வாளிக்குக் காவல் நிற்கவோ விட வேண்டும். ஐந்து வயதுக் கைக்கும் ஏழு வயதுக் கைக்கும் ஏற்ற வேலை நம் ஒவ்வொரு பண்டிகையிலும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குமேல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கைகள் குறைவு. இந்நாட்டு இலையுதிர் காலம் ஆண்டுதோறும் இருட்டையும் குளிரையும், பொறுக்கத் திகட்டாத அளவு இலைகளையும் கொட்டைகளையும் தவறாமல் கொண்டுவந்து தருகிறது. விளக்கையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.